ரத்தம் போனா சூடுதானே?

9 மார்ச் 2024, இரவு 11.20 – கேள்வி

காட்பாடி. வயசு 38. நைட் ஷிப்ட் வேலை. ரெண்டு மாசமா வெளிக்கிப் போறப்ப ரத்தம் வருது. சில நாள் சொட்டு, சில நாள் கொஞ்சம் அதிகம். வலி கிடையாது. நம்ம ஊர் வெயிலுக்கு இது சூடுதானே? ஆயா வெந்தயமும் மோரும் குடிக்கச் சொல்றாங்க. மூலத்துக்கு நல்லாக் கேக்குற லேகியம் யாருக்காவது தெரிஞ்சா சொல்லுங்க. டாக்டர்கிட்ட காட்டுன்னு மட்டும் சொல்லாதீங்க, கூச்சமா இருக்கு.

10 மார்ச் 2024, காலை 6.05

தம்பி, டாக்டர்கிட்ட காட்டு. எதைச் சொல்லாதேன்னியோ அதைத்தான் முதல்ல சொல்றேன்.

நான் குடியாத்தம். அப்பா லுங்கி நெய்யறவர். குழித்தறி. காலைக் குழியில விட்டு உக்காந்தார்னா சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். அதனால ரத்தம் போச்சுன்னதும் எல்லாரும் சொன்னது ஒண்ணுதான்: "இப்படி உக்காந்தே கெடந்தா மூலம் வராம என்ன வரும்?" மிச்சத்தை வேலூர் வெயில் தலையில போட்டாச்சு.

எங்களுக்குத் தெரிய வந்ததே தாமதம். அவர் கட்டுறது கட்டம் போட்ட லுங்கி, அதுல கறை தெரியாது. 2016 ஐப்பசியில ஒரு கல்யாணத்துக்கு வெள்ளை வேட்டி கட்டிட்டுப் போயிட்டு வந்தார். மறுநாள் அம்மா துவைக்க எடுத்தப்ப பின்பக்கம் காசு அளவுக்குக் கறை. வெத்தலைக் கறைன்னுதான் நினைச்சாங்களாம். வெத்தலைக் கறை லேசுல போகாது, இது பச்சத் தண்ணியிலயே கரைஞ்சு ஓடுச்சு. அப்பவே அம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா அப்பாகிட்ட கேக்கல, அப்பாவும் சொல்லல. என் காதுக்கு வர இன்னும் ரெண்டு மாசம் ஆச்சு.

அதுக்குள்ள "ஆபரேஷன் இல்லாமல் மூலம், பவுத்திரம்" போஸ்டர் பார்த்து ஒருத்தர்கிட்ட போயிட்டார். லேகியம், களிம்பு, பத்தியம். ஆடு, கோழி, கத்திரிக்காய் எதுவும் கூடாது. மொத்தம் 8 மாசம். நடுவுல தறியில உக்காந்தா மூச்சு வாங்குதுன்னு இன்னொரு இடத்துல ரத்தம் பார்த்தாங்க, ஹீமோகுளோபின் 8. சத்துக் குறைவுன்னு இரும்பு மாத்திரை குடுத்து அனுப்பிட்டாங்க. 62 வயசு ஆம்பளைக்கு ரத்தம் எங்க போகுதுன்னு யாரும் கேக்கல.

2017 ஜூன்ல ஒரு சர்ஜன்கிட்ட இட்டுனு போனேன். கையுறை போட்டு, விரல் விட்டுப் பார்த்தார். ஒரு நிமிஷம் கூட ஆகல. முகம் மாறுனது எனக்கே தெரிஞ்சுது. ஆசனவாயில இருந்து 7 சென்டிமீட்டர் உள்ள, மலக்குடல்ல கட்டி. கேன்சர். விரலுக்கு எட்டுற தூரம்தான். 8 மாசமும் அது அங்கேயேதான் இருந்திருக்கு. ஒரு விரல் போதும், யாரும் வைக்கல.

உனக்கு அதேதான்னு நான் சொல்லல. உன் வயசுல ரத்தம் போறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு மூலம்தான் இருக்கும். ஆனா அதைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். நீயும் சொல்ல முடியாது, உங்க ஆயாவும் சொல்ல முடியாது, நானும் முடியாது.

10 மார்ச் 2024, இரவு 9.40

"38 ஒரு வயசா அக்கா, கேன்சர்லாம் கிழவங்களுக்குத்தானே" – இதுக்கு ஒரு பதில். சாட்விக் போஸ்மேன்னு ஒரு ஹாலிவுட் நடிகர், 2020ல பெருங்குடல் புற்றுநோயில இறந்தப்ப அவருக்கு 43. பீலே இறந்ததும் இதே நோயில, 2022 டிசம்பர்ல, 82 வயசுல. அந்த வயசுலயும் வரும், இந்த வயசுலயும் வரும். வயசானவங்களுக்கு அதிகம், அது உண்மை. ஆனா 50க்குக் கீழ வர்றது பல நாட்டுல கூடிட்டே போகுதுன்னுதான் அமெரிக்காவுல பரிசோதனை ஆரம்பிக்கிற வயசை 2021ல 50ல இருந்து 45க்கு இறக்குனாங்க. உலகத்துல அதிகமா வர்ற புற்றுநோய்கள்ல பெருங்குடல், மலக்குடல் ரெண்டும் சேர்ந்து மூணாவது. உயிரை எடுக்கறதுல ரெண்டாவது.

12 மார்ச் 2024, மதியம் 1.15

என்னென்ன அறிகுறின்னு நிறைய பேர் கேட்டிருக்கீங்க. ரத்தம் மட்டும் இல்ல. வழக்கமா போற முறை மாறி அது 3, 4 வாரத்துக்கு மேல நீடிச்சா கவனிக்கணும். ஒரு நாள் கட்டிக்கும், மறுநாள் தண்ணியா போகும். போயிட்டு வந்தும் இன்னும் இருக்கற மாதிரியே தோணும். அப்பா அதைத்தான் "முழுசா எறங்கல"ன்னு சொல்லிட்டே இருந்தார், நாங்க மலச்சிக்கல்னு நினைச்சோம். மலம் மெலிசா வர்றது, காரணமே இல்லாம எடை குறையறது, வயித்துல பிடிச்சுப் பிடிச்சு விடுற வலி, இதெல்லாம் கணக்குதான்.

இன்னொண்ணு முக்கியம். குடல்ல வலப்பக்கம் கட்டி வந்தா பல பேருக்கு ரத்தம் கண்ணுக்கே தெரியாது, மலத்தோட கலந்து போயிடும். வெளிய தெரியறது சோகை மட்டும்தான். மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும், முகம் வெளுக்கும். அதனால ஆம்பளைக்கோ, மாதவிலக்கு நின்ன பொம்பளைக்கோ ரத்தம் குறைஞ்சா, மாத்திரையோட நிறுத்தாம ஏன்னு கேளுங்க. இரும்பு மாத்திரை சாப்பிட்டா மலம் கறுப்பாத்தான் போகும், அது பயப்பட வேண்டியதில்ல. ஆனா மாத்திரை எதுவும் சாப்பிடாமயே தார் மாதிரி கறுப்பா போனா, அது வயித்துல மேல எங்கயோ ரத்தம் கசியுதுன்னு அர்த்தம். அன்னைக்கே போகணும்.

15 மார்ச் 2024, இரவு 10.10

அறிகுறி எதுவும் இல்லாதவங்களுக்கு என்னன்னு ஆற்காட்டுல இருந்து ஒரு அக்கா கேட்டாங்க. இந்த நோயில எனக்குப் பெரிய ஆறுதலா இருக்கற விஷயமே இதுதான்: இது திடீர்னு வந்து நிக்கறதில்ல. முதல்ல குடல் சுவர்ல மரு மாதிரி ஒரு சின்ன முளைப்பு வரும், அதுக்குப் பேர் பாலிப். எல்லாப் பாலிப்பும் கெட்டது கிடையாது. கெட்டதா மாறுற ஒண்ணு ரெண்டும் மாற 10 வருஷம் கிட்ட ஆகும். அந்த 10 வருஷத்துல என்னைக்காவது கொலனாஸ்கோப்பி, அதாவது பின்வழியா கேமராக் குழாய் விட்டுக் குடலைப் பார்க்கறது, பண்ணுனா கண்ணால பார்த்து, கம்பி வளையம் மாட்டி அப்பவே அறுத்து எடுத்துடலாம். கேன்சரை முன்கூட்டிக் கண்டுபிடிக்கறது வேற. இது வரவே விடாம பண்றது.

அதுக்கு முன்னாடி ஒரு சுலபமான டெஸ்ட் இருக்கு. மலத்துல கண்ணுக்குத் தெரியாத ரத்தம் இருக்கான்னு பார்க்கறது. ஜப்பான்ல 40 வயசு ஆனா வருஷா வருஷம் பண்றாங்க. இங்கிலாந்துல 2 வருஷத்துக்கு ஒரு தடவை கிட்டைத் தபால்லயே வீட்டுக்கு அனுப்பிடறாங்க. குச்சியில துளி எடுத்து, டப்பாவுல போட்டு மூடித் திருப்பி அனுப்பணும், அவ்வளவுதான். அதுல ரத்தம் இருக்குன்னு வந்தா கொலனாஸ்கோப்பி. டெஸ்டுக்கு 3 நாள் முன்னாடி கறி சாப்பிடக் கூடாது.

நம்ம ஊர்ல மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்சதுல இருந்து வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்க்கறாங்க. ராணிப்பேட்டை, திருப்பத்தூர்ப் பக்கம் வாய், மார்பகம், கருப்பைவாய் மூணுக்கும் கேன்சர் பரிசோதனை பண்றாங்க. கூப்பிட்டா தவறாம போங்க. பெருங்குடல் அதுல கிடையாது. இதை நாமளா கேட்டாத்தான்.

16 மார்ச் 2024, காலை 7.30

நேத்து எழுதுனதுல ஒரு தப்பு. லேப்ல வேலை செய்யற ஒரு தம்பி திருத்துனாரு. கறி சாப்பிடக் கூடாதுங்கறது பழைய டெஸ்டுக்கு. அது ஆட்டு ரத்தம், மாட்டு ரத்தம், மனுச ரத்தம்னு பிரிச்சுப் பார்க்காது. இப்ப வர்ற ஃபிட் டெஸ்ட் மனுச ரத்தத்தை மட்டும்தான் பிடிக்கும், அதுக்குப் பத்தியம் வேண்டாம். லேப்ல போய் "எந்த முறை"ன்னு கேட்டுக்குங்க.

அப்புறம் இதையும் சேர்த்துப் படிங்க: ரத்தம் கண்ணுக்கே தெரியறவங்க இந்த டெஸ்டைப் பண்ணிட்டு "நெகட்டிவ், தப்பிச்சோம்"னு உக்காந்துடாதீங்க. நேரா டாக்டர்கிட்ட போங்க. தம்பி, உன்னைத்தான் சொல்றேன். போனியா?

24 மார்ச் 2024, மாலை 5.50

முழு உடல் பரிசோதனை பேக்கேஜ்ல சிஇஏன்னு ஒரு ரத்த டெஸ்ட் வருது, அது நார்மல்னா குடல் கேன்சர் இல்லைன்னு எடுத்துக்கலாமான்னு கேட்டவருக்கு: எடுத்துக்க முடியாது. நோய் இருந்தும் அது நார்மலா இருக்கும், நோய் இல்லாம சிகரெட் பிடிக்கறவங்களுக்குக் கொஞ்சம் ஏறியும் இருக்கும். ஏற்கெனவே நோய் வந்து வைத்தியம் முடிஞ்சவங்களைக் கண்காணிக்கத்தான் அது. அப்பாவுக்கு முதல் 2 வருஷம் 3 மாசத்துக்கு ஒரு தடவை எடுத்தாங்க, அப்புறம் 6 மாசத்துக்கு ஒண்ணு. ரிப்போர்ட் வர்ற வரைக்கும் அம்மா சாமி விளக்கை அணைய விட மாட்டாங்க.

7 ஏப்ரல் 2024, காலை 11.00

வாணியம்பாடி அண்ணன் ஒருத்தர் எழுதியிருக்கார்: எல்லாம் பாலாத்துத் தண்ணி, தோல் பதனிடற ஷாப்புக் கழிவு, நாம என்ன பண்ணாலும் வரத்தான் போகுதுன்னு.

பாலாறு பட்ட பாட்டுல எனக்கும் அதே கோபம் இருக்கு. ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பக்கம் எத்தனை கிணறு கெட்டுச்சுன்னு இங்க பொறந்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்ல. 1996ல வேலூர் மக்கள் போட்ட வழக்குலதான் சுப்ரீம் கோர்ட், சுற்றுச்சூழலைக் கெடுக்கறவன்தான் விலை குடுக்கணும்னு தீர்ப்பு சொல்லுச்சு. அந்தச் சண்டை நடக்கணும், நடந்துட்டே இருக்கணும்.

ஆனா அண்ணே, அப்பாவுக்கு வந்ததை அதும்மேல போட என்கிட்ட ஆதாரம் இல்ல. தோல் தூசிக்கும் மூக்குப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்குன்னு உறுதியாச் சொல்றாங்க. குடலுக்கு அடிக்கடி சொல்றது வேற: வயசு, குடும்பத்துல யாருக்காவது இருக்கறது, சிகரெட், சாராயம், உடம்பு போடறது, உக்காந்தே இருக்கறது, கறி அதிகமா தின்னு கீரை, காய், கேழ்வரகு குறையறது. "வரத்தான் போகுது"ன்னு விட்டுட்டா ரத்தம் வந்தாலும் டாக்டர்கிட்ட போக மாட்டோம். அதுதான் என் பயம்.

19 ஏப்ரல் 2024, மதியம் 2.30

ஓட்டுப் போட்டுட்டு வந்தோம். அப்பா 40 நிமிஷம் வரிசையில நின்னார். இதை ஏன் இங்க எழுதறேன்னா, 2019ல நம்ம வேலூர்த் தொகுதிக்கு மட்டும் தேர்தலை நிறுத்தி ஆகஸ்ட் 5ல வச்சாங்களே, அன்னைக்கு அவரால 10 நிமிஷம் நிக்க முடியல. மூணு தடவை வீட்டுக்கு ஓடி வந்து, நாலாவது தடவைதான் போட்டார்.

மலக்குடலைப் பெரும்பாகம் எடுத்துட்டா, சேர்த்து வச்சுக்கற இடமே இல்லாம போயிடும். அப்பாவுக்கு ஆபரேஷன்ல குடலை வயித்துக்கு வெளிய எடுத்து, மலம் போக ஒரு பை மாட்டியிருந்தாங்க. அந்தப் பையை எடுத்துக் குடலைத் திரும்ப இணைச்ச பிறகு எல்லாம் பழையபடி ஆயிடும்னு நினைச்சோம். ஒரு நாளைக்கு 10 தடவை, 12 தடவை. வருதுன்னா உடனே போகணும், ஒரு நிமிஷம் தாங்காது. போயிட்டு வந்து உக்காந்தா மறுபடி. கட்டி திரும்ப வந்துடுச்சோன்னு நடுங்கிட்டோம். ஆபரேஷனுக்கு அப்புறம் வழக்கமா வர்றதுதான்னு டாக்டர் சொன்னப்பதான் மூச்சு வந்துச்சு. முன்னாடியே சொல்லியிருந்தா எத்தனையோ ராத்திரி தூங்கியிருப்போம். ஒரு வருஷம், ஒன்றரை வருஷத்துல மெல்லக் குறைஞ்சுது. இப்ப 3, 4 தடவை. புதுசா இதுல மாட்டிட்டு இருக்கறவங்க யாராவது படிச்சா: குறையும். மாத்திரை இருக்கு, இடுப்புக்கு அடியில தசையை இறுக்கிப் பழகற பயிற்சி இருக்கு, கேட்டு வாங்கிக்குங்க.

11 மே 2024, இரவு 11.45

அக்னி நட்சத்திரம். இந்த வெயில் வந்தாலே எனக்கு 2018 ஞாபகம் வந்துடும். இன்னைக்கு தூக்கம் இல்ல, கொஞ்சம் நீளமா எழுதறேன்.

வைத்தியம் நடந்த வரிசை இது. முதல்ல ரேடியேஷன், திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும், மொத்தம் 28 நாள், கூடவே மாத்திரை. தண்ணி குடிச்சு நீர்ப்பையை நிரப்பிட்டு அடக்கிட்டுப் படுக்கணும். கட்டி சுருங்க ரெண்டு மாசம் விட்டு, 2017 நவம்பர்ல ஆபரேஷன். குடலைத் தச்ச இடம் ஆறணும்னு சிறுகுடலை வயித்துக்கு வெளிய எடுத்து வச்சுப் பை மாட்டுனாங்க. அந்தத் திறப்புக்குப் பேர்தான் ஸ்டோமா. அப்புறம் கீமோ. பையைக் கழட்டுனது 2018 ஜூலையில. அந்த 8 மாசத்துலதான் இந்த வெயில் வந்துச்சு.

ஆபரேஷனுக்கு முதல் நாள் ஸ்டோமா நர்ஸ் அம்மா வந்து, அப்பாவை உக்காரச் சொல்லி, நிக்கச் சொல்லி, குனியச் சொல்லி, "ஐயா, நீங்க லுங்கி எங்க கட்டுவீங்க? கட்டிக் காட்டுங்க"ன்னாங்க. தறியில உக்காந்தா வயிறு எங்க மடியுதுன்னும் பார்த்தாங்க. அப்புறம் பேனாவுல ஒரு புள்ளி வச்சாங்க, "இங்கதான் வரும்." அதுவரைக்கும் யார்கிட்டயும் வாய் திறக்காத மனுசன் அன்னைக்குத்தான் முதல் முறையா கேள்வி கேட்டார்: "மறுபடி நெய்ய முடியுமாம்மா?" முடியும்னாங்க.

பையைப் பத்திச் சில விஷயம். மூணுல ஒரு பங்கு நிறைஞ்சதும் காலி பண்ணிடணும், நிறைய விட்டா எடையில பிரிஞ்சு வந்துடும். ஒட்டுற பட்டையில ஓட்டை வெட்டறது ஸ்டோமாவை விட 2, 3 மில்லிமீட்டர்தான் பெருசா இருக்கணும். நான் முதல் வாரம் தாராளமா வெட்டிட்டேன், தோல் பட்டு வெந்து சிவந்துபோச்சு, அப்பா வாயே திறக்கல. வெயில்ல வேர்த்து ஓரம் பிரியும். குளிச்சதும் நல்லா ஒத்தி எடுத்து, ஃபேன்ல காய விட்டு, கையால ஒரு நிமிஷம் அமுக்கிப் பிடிச்சா ஒட்டும். சிறுகுடல்ல இருந்து வர்றதால தண்ணியா, நிறைய போகும், உப்பும் சேர்ந்து போயிடும். வேலூர் மே மாசத்துல அது ஆபத்து. ஒரு நாள் அப்பா தறிகிட்டயே மயங்கிச் சரிஞ்சார். அதுல இருந்து உப்புப் போட்ட கஞ்சி, ஓஆர்எஸ், அளந்து குடுத்தோம். கஞ்சி போக்கைக் கொஞ்சம் கெட்டியாக்கவும் செய்யும்.

இதுல கீமோ வேற. ஆக்ஸாலிபிளாட்டின்னு ஒரு மருந்து, அது ஏத்துனா சில நாளைக்குக் குளிர்ச்சி எதுவும் ஆகாது. வெளிய 42 டிகிரி. வீடே கொதிக்குது. பானைத் தண்ணியை ஒரு வாய் குடிச்சவர் தொண்டையைப் பிடிச்சுக்கிட்டார், கண்ணாடித் தூளை விழுங்குன மாதிரி குத்துதுன்னு. பித்தளைச் சொம்பைத் தொட்டாலே விரல் நுனியில ஷாக் அடிக்கும். அந்தக் கோடை முழுக்க அவர் குடிச்சது வெந்நீர்தான். எதிர்ல உக்காந்து நாங்க மோர் குடிக்க மனசு வராம, நாங்களும் வெந்நீரே குடிச்சோம்.

கீமோ முடிஞ்சு நாலாம் நாள் எழுந்து தறியில உக்காந்தார். விரல் மரத்துப் போய் இழை பிடிபடல. அறுந்த இழையை முடிச்சுப் போட முடியாம உக்காந்தே இருந்தார். அன்னைக்குத்தான் அவர் அழுது நான் பார்த்தேன்.

12 மே 2024, காலை 6.20

நேத்து எழுதினதைப் படிச்சுட்டு ஒருத்தங்க போன்ல அழுதாங்க. அதனால இதையும் சொல்லணும். பையை உறுத்தாம தாங்க அப்பா தானே ஒரு உறை தச்சுக்கிட்டார், அவர் நெய்த லுங்கித் துணியில, நீலக் கட்டம், நாடா வச்சு. வாயு போறப்ப பை சத்தம் போடும். யாராவது வந்திருக்கும்போது சத்தம் கேட்டா, "பையன் எழுந்துட்டான்"னு சொல்லிட்டு உள்ள போவார். அம்மாவும் "பையனுக்குப் பசிக்குதா, நிறைஞ்சுடுச்சா"ன்னு கேப்பாங்க. வந்தவங்க பேரன் வந்திருக்கான்னு நினைச்சுப்பாங்க.

2 ஜூன் 2024, மாலை 4.00

பிரியாணியை விட்டுடணுமான்னு கேட்ட ஆம்பூர்த் தம்பிக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015ல பதப்படுத்துன கறியைப் புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியாச் சொன்ன முதல் பட்டியல்ல வச்சுது. அது சாசேஜ், சலாமி மாதிரி. ஆடு, மாடு போன்ற செங்கறியை அதுக்கு அடுத்த பட்டியல்ல, அனேகமா உண்டாக்கும்னு. கோழி, மீன் இதுல இல்ல. பட்டியல்ல முதல்ல இருக்குன்னா சிகரெட் அளவுக்குக் கெடுதல்னு அர்த்தம் இல்ல, ஆதாரம் அவ்வளவு உறுதின்னுதான் அர்த்தம். தினமும் 50 கிராம் பதப்படுத்துன கறி தின்னா வாய்ப்பு 18 சதவீதம் கூடுதுன்னு கணக்கு.

வாரத்துல ஒரு நாள் சீரகசம்பா பிரியாணியும் கத்திரிக்காயும் தின்னு நீ கெட்டுப்போக மாட்டே. மிச்ச 6 நாள் என்ன தின்னறேன்னு பாரு. எங்க வீட்டுல ராத்திரிக்குக் களியும் கீரைக் கடைசலும் திரும்பி வந்துடுச்சு. அப்பாவுக்கு ஞாயித்துக்கிழமை கோழி பிரியாணி உண்டு.

14 ஜூன் 2024, இரவு 8.15

காட்பாடித் தம்பி மூணு மாசம் கழிச்சு வந்திருக்கான். போயிட்டான்! விரல் விட்டுப் பார்த்தாங்களாம், உள் மூலம் மாதிரி தெரியுது, ஆனாலும் ரத்தம் இத்தனை மாசமா போறதால முழுசா பார்த்துடலாம்னு அடுத்த வாரம் கொலனாஸ்கோப்பிக்கு நாள் குடுத்திருக்காங்க. பயமா இருக்காம்.

நான் பண்ணிக்கிட்டேன் தம்பி, 2021ல, 41 வயசுல. அப்பாவுக்கு வந்ததால பிள்ளைங்க 40ல ஆரம்பிக்கணும்னு சொல்லியிருந்தாங்க, கொரோனாவுல ஒரு வருஷம் தள்ளிப்போச்சு. கஷ்டமே முந்தின நாள்தான். ரெண்டு நாள் முன்னாடியே கீரை, கேழ்வரகு, கொய்யா, தக்காளி விதை எதுவும் வேண்டாம், வெள்ளைச் சோறு, ரசம். முந்தின நாள் தெளிஞ்ச தண்ணி மட்டும்: இளநீர், வடிச்ச சூப்பு, பால் இல்லாத டீ. சிவப்பு நிற ஜூஸ் வேண்டாம், உள்ள பார்க்கறப்ப ரத்தம் மாதிரி தெரியும். அப்புறம் அந்தப் பவுடர், 2 லிட்டர் தண்ணியில. உப்புக் கரிக்கும், வழவழன்னு இருக்கும். கால் மணிக்கு ஒரு டம்ளர். ஒவ்வொரு டம்ளருக்கும் நடுவுல எலுமிச்சைத் துண்டை மோந்து பாரு. கடைசியில போறது மஞ்சத் தண்ணியா, தெளிவா இருக்கணும், அதுவரைக்கும் குடிக்கணும். அரைகுறையா குடிச்சா டாக்டருக்கு ஒண்ணும் தெரியாது, இன்னொரு நாள் மறுபடி முதல்ல இருந்து. சுகர் மாத்திரை, ரத்தம் உறையாம இருக்கற மாத்திரை சாப்பிடறவங்க முன்னாடியே சொல்லிடணும். மயக்கம் குடுப்பாங்க, அதனால கூட ஒரு ஆள், திரும்பறப்ப வண்டி ஓட்டக் கூடாது.

எனக்கு 8 மில்லிமீட்டர்ல ஒரு பாலிப் இருந்துச்சு. எடுத்துட்டாங்க. எடுத்ததே தெரியல. விட்டிருந்தா என்னன்னு நினைச்சா இப்பவும் கை சில்லிடுது. அடுத்தது 2026ல.

23 ஜூன் 2024, காலை 9.00

தம்பிக்கு ரிசல்ட் வந்துடுச்சு. உள் மூலம்தான், வேற எதுவும் இல்ல! ரப்பர் பேண்ட் போட்டுச் சரி பண்ணிடலாம்னாங்களாம். "வீணா பயமுறுத்திட்டீங்க அக்கா"ன்னு எழுதியிருக்கான். பரவால்ல தம்பி. அப்பாவுக்கும் இதே பதில் வரணும்னுதான் அன்னைக்கு வராந்தாவுல உக்காந்து வேண்டிக்கிட்டிருந்தேன்.

அந்த வராந்தாவைப் பத்தி ஒண்ணு. பக்கத்துல மேற்கு வங்காளத்துல இருந்து வந்த ஒரு குடும்பம். வேலூருக்கு வைத்தியத்துக்குன்னு 30 மணி நேரத்துக்கு மேல ரயில்ல வந்து, காட்பாடியில இறங்கி, லாட்ஜ்ல சமைச்சுச் சாப்பிட்டுத் தங்கியிருக்காங்க. அந்த அம்மாவுக்கு ரத்தம் போக ஆரம்பிச்சு ஒரு மாசம்தான் ஆச்சாம். நாங்க இருக்கறது பஸ்ல ஒரு மணி நேரத்துல. 8 மாசம் கழிச்சு வந்திருக்கோம்.

23 ஜூன் 2024, இரவு 10.30

காலையில எழுதுனதைத் திரும்பப் படிச்சேன். முதல் நாள்ல இருந்து அந்த லேகியக்காரரையே குத்தம் சொல்லிட்டிருக்கேன். என் பங்கையும் சொல்லணும். எனக்குத் தெரிஞ்ச பிறகும் ஆறு மாசம் நானும் "கீரை நிறைய சாப்பிடுப்பா, காரத்தைக் குறைப்பா"ன்னுதான் சொன்னேன். எவ்வளவு ரத்தம், எத்தனை நாளா, என்ன கலர்னு கேக்கல. அப்பாகிட்ட பொண்ணு எப்படிக் கேக்கறதுன்னு. அவரும், பொண்ணுகிட்ட எப்படிச் சொல்றதுன்னு.

ஸ்கடர் அம்மா கதை நம்ம ஊர்ல எல்லாருக்கும் தெரியும். திண்டிவனத்துல ஒரே ராத்திரி மூணு வீட்டுல இருந்து ஆள் வந்தாங்க, பிரசவத்துல பொண்டாட்டி சாகக் கிடக்கா, ஆனா ஆம்பள டாக்டர் தொடக் கூடாது. மூணு பேரும் செத்தாங்க. அதைப் பார்த்துத்தான் ஐடா ஸ்கடர் படிச்சு டாக்டராகி வந்து 1900ல வேலூர்ல ஒரே ஒரு கட்டிலோட, இன்னைக்கு சிஎம்சின்னு சொல்ற ஆஸ்பத்திரியை ஆரம்பிச்சாங்க. அந்தக் கூச்சம் இன்னும் நம்ம வீட்டுல இருக்கு. எங்க தெருவுல ஒரு அத்தைக்கு ரத்தம் போறது ஒரு வருஷமாத் தெரியும், ஆம்பள டாக்டர்னா வர மாட்டாங்க. பொம்பள சர்ஜன் இருக்கற நாளா பார்த்துப் போன மாசம்தான் இட்டுனு போனேன். கேட்டா நாள் சொல்லுவாங்க, கேளுங்க.

5 ஜூலை 2024, மதியம் 12.40

பணம் பத்திக் கேட்டவங்களுக்கு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரை இருக்கு, வருஷ வருமானம் 1,20,000க்குள்ள இருக்கணும். நோய் வந்த பிறகு விஏஓ ஆபீசுக்கு அலையாம இப்பவே வருமானச் சான்று வாங்கி அட்டை போட்டு வச்சுக்குங்க. வைத்தியத்துக்கு ரயில்ல போறவங்களுக்குப் புற்றுநோய்ச் சலுகை உண்டு, ஆஸ்பத்திரியில அதுக்குன்னு ஒரு படிவம் கையெழுத்துப் போட்டுத் தருவாங்க. கூட வர்றவருக்கும் சேர்த்து.

24 ஆகஸ்ட் 2024, இரவு 7.50

என் கூடப் பொறந்த தம்பிக்கு இந்த ஆடியில 40 முடிஞ்சுது. ஷூ கம்பெனி வேலை, லீவு இல்ல, எனக்கு ஒண்ணும் இல்லக்கா, அப்புறம் பார்க்கலாம். ரெண்டு வருஷமா இதே பாட்டு. நான் சொல்லி, அம்மா சொல்லி, அவன் பொண்டாட்டி சொல்லி நடக்கல.

போன வாரம் அப்பா அவனைத் தறிகிட்ட கூப்பிட்டு உக்கார வச்சார். கதவைச் சாத்திக்கல. எனக்கு சமையக்கட்டு வரைக்கும் கேட்டுச்சு. 2016ல முதல் தடவை எப்ப ரத்தம் பார்த்தார், என்ன கலர், எத்தனை நாள் லுங்கியைத் தானே ராத்திரியில அலசிப் போட்டார், எல்லாத்தையும் ஒண்ணு விடாம சொன்னார். எங்க யார்கிட்டயும் இதுவரைக்கும் சொன்னதில்ல. வேட்டியில கறை படறதுக்கு நாலு மாசம் முன்னாடியே ஆரம்பிச்சிருக்கு. அப்போ 8 மாசம் இல்ல, ஒரு வருஷம். முதல் நாள் எழுதுனதை அப்படித் திருத்திப் படிச்சுக்குங்க.

நாளைக்குக் காலையில 9 மணிக்குத் தம்பிக்கு கொலனாஸ்கோப்பி. இப்ப திண்ணையில உக்காந்து பவுடர் தண்ணி குடிச்சுட்டு இருக்கான். அப்பா பக்கத்துல எலுமிச்சையும் கடிகாரமும் வச்சுக்கிட்டு டம்ளரை எண்ணிட்டு இருக்கார். அஞ்சு முடிஞ்சுது. அவன் போதும்பாங்கறான், அவர் ஆறாவதை ஊத்திட்டார்.